சிட்டு மாடிக்குப் போகமாட்டாள்

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. செட்டில் விளக்குகள்கூட இன்னும் போட்டு முடியவில்லை. அதற்குள் டெம்போ ஒரு கையில் டீக் கோப்பையும் மறு கையில் போனுமாக வந்து வசனக்காரியிடம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"அக்கா, சேனல்ல பேசிட்டாங்க. சிட்டுவை மாடியில ஏத்துறோம். அம்மா அறையறாங்க, பொண்ணு அழுதுக்கிட்டே ஓடறா, மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர். அதோட நிறுத்திடறோம். மிச்சத்தை திங்கட்கிழமை பார்த்துக்கலாம். மதியத்துக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க."

டெம்போ என்றதும் யாரோ வண்டி ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்தான் டைரக்டர். எந்தக் காட்சியைக் கொடுத்தாலும் "டெம்போ குறையுது, டெம்போ குறையுது" என்று புலம்பியே அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அவருக்குத் தெரியாமலும் இல்லை.

வசனக்காரிக்கு நாற்பத்து நான்கு வயது. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற ரகம். ஆனால் கோபம் மட்டும் தேடாமலே வரும், எப்போதும் மூக்கின் நுனியில் தயாராக இருக்கும்.

"முடியாது" என்றாள்.

"அக்கா..."

"சிட்டு மாடிக்குப் போகமாட்டா. வேற யாரையாவது வெச்சு எழுதிக்கோங்க. நான் எழுத மாட்டேன்."

'பத்தாவது பி' என்ற அந்தத் தொடர் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழு மணிக்கு வரும். ஒரு வகுப்பறை, நாற்பது பிள்ளைகள். யார் யாரோடு கூட்டு, யார் யாரோடு 'டூ', எவனுக்கு அப்பா வேலை போயிற்று, எவளுக்கு முதல் காதல் வந்தது என்று போகும் கதை. பிள்ளைகள் பார்ப்பார்கள், கூடவே அம்மாக்களும் பார்ப்பார்கள். அம்மாவும் மகளும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற அரைமணி நேரம் அது ஒன்றுதான் என்று பல வீடுகளில் பேச்சு.

இந்த இரண்டு வாரமாகக் கதை சிட்டுவைச் சுற்றி வந்தது. சிட்டு என்பது தொடரில் வரும் பதினைந்து வயதுப் பெண். அவளைக் காதலிப்பதாகச் சொன்ன பின்பெஞ்சுப் பையன் ஒருவன், நச்சரித்து நச்சரித்து அவளிடமிருந்து வெளியே போகக்கூடாத ஒரு படத்தை வாங்கினான். வாங்கியதை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். இப்போது அது பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்ததும் என்ன நடக்கும் என்பதுதான் இப்போதைய சண்டை.

வசனக்காரி ஒற்றைக்காலில் நிற்பதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், வேறொரு தொடரில், இதே மாதிரி ஒரு காட்சியை அவளே எழுதினாள். அவமானப்பட்ட பெண் மாடியிலிருந்து குதிப்பாள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிப்பாள், முகத்தில் மேக்கப் கலையாமல், நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரியோடு. கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்று மன்னிப்புக் கேட்பார்கள். சீரியல்களில் அடிபட்டவர்களுக்கு அப்படித்தான் பிளாஸ்திரி ஒட்டுவது வழக்கம். கட்டுப் போட்டால் முகம் மறைந்துவிடுமே! வசனக்காரிக்கு அன்று சேனலிலிருந்து பூச்செண்டு வந்தது.

அந்த மாதமே அவள் குடியிருந்த கட்டடத்தில் மேல் வீட்டுப் பெண் ஒருத்தி அதைச் செய்துவிட்டாள். உயிர் தங்கியது யார் செய்த புண்ணியமோ. மூன்று ஆபரேஷன், பதினோரு மாதம் படுக்கை. பார்க்கப் போன வசனக்காரியிடம் அந்தப் பெண் கோபமாகக்கூடப் பேசவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்: "உங்க சீரியல்ல அவளுக்கு நெத்தியில சின்னதா ஒரு பிளாஸ்திரிதானே அக்கா போட்டிருந்தாங்க?"

அன்று வீட்டுக்கு வந்து வசனக்காரி பூச்செண்டோடு வந்த வாழ்த்து அட்டையைக் கிழித்துப் போட்டாள். இனி என் கையால் ஒரு பிள்ளையை மாடியில் ஏற்ற மாட்டேன் என்று முடிவு செய்தாள். யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. செய்திருந்தால் மீறுவதற்கு வழியும் தேடியிருப்பாளோ என்னவோ.

டெம்போ கையைப் பிசைந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சேனல் என்றால் பயம், அவ்வளவுதான். போனைப் போட்டு வசனக்காரியின் காதில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மறுமுனையில் சேனல் மேடம். கதைகளைப் பார்த்து ஒப்புதல் தருகிற அதிகாரி, வசனக்காரியைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் எல்லோரும் மேடம் என்றே அழைத்தார்கள்.

"நீங்க நல்லா எழுதறீங்க, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு வாரமா நமக்கு டி.ஆர்.பி. மார்க் இறங்கிக்கிட்டே வருது, பார்க்கறவங்க குறையறாங்க. வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடிச்சுக்கற மாதிரி முடிக்கலன்னா திங்கட்கிழமை ஒருத்தரும் வரமாட்டாங்க."

"பிள்ளைங்க பார்க்கறாங்க மேடம்."

"பார்க்கணும்னுதான் எடுக்கறோம்! சரி, ரெண்டு மணி வரைக்கும் டைம் தரேன். மாடியைவிட நல்ல சீன் இருந்தா காட்டுங்க. இல்லன்னா இன்னொருத்தரை எழுதச் சொல்லியாச்சு, அவர் தயாரா இருக்கார். அப்புறம் திங்கட்கிழமையிலிருந்து அவரே எழுதட்டும்."

வேலை போனால் போகட்டும், வேறு தொடர் கிடைக்கும். ஆனால் அவள் போய்விட்டால் சிட்டு மாடிக்குப் போவது உறுதி. இன்று எடுப்பது நாளை மாலையே ஒளிபரப்பாகிவிடும். டெம்போவுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படப்பிடிப்பு நின்றதில் கையிருப்பில் ஒரு பகுதிகூட இல்லை. தடுப்பதானால் இன்றே தடுக்க வேண்டும்.

மேக்கப் அறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதினாள், கிழித்தாள். அம்மா அழுகிறாள் என்று எழுதினால் பழைய பாட்டு. அம்மா உபதேசம் செய்கிறாள் என்று எழுதினால் பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். பதினொன்றரை மணிவரை தரையில் காகித உருண்டைகள்தான் மிச்சம்.

கடைசியில் எதிரில் தலை பின்னிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள். சிட்டுவாக நடிக்கிற பெண்தான் அவள். அவளுக்கும் பதினைந்து வயது, அவளையும் செட்டில் சிட்டு என்றே கூப்பிடுவார்கள்.

"ஏய் சிட்டு, இது உனக்கே நடந்துச்சுன்னு வெச்சுக்கோ. உங்கம்மா என்ன பண்ணணும்?"

"திட்டுவாங்க."

"என்ன பண்ணுவாங்கன்னு கேக்கல. என்ன பண்ணணும்?"

அந்தப் பெண் கண்ணாடியிலேயே வசனக்காரியைப் பார்த்தாள். யாரும் அவளிடம் இதுவரை கதை பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பின்னலை விட்டுவிட்டுச் சொன்னாள்.

"அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது ஆன்ட்டி. எல்லாரும் பார்த்தாச்சு இல்ல? அம்மாவாவது பார்க்காம இருக்கணும். போனைக் கவுத்து வெச்சுட்டு என்னைப் பார்க்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்கூட வரணும். அவ்வளவுதான்."

அடி என் தங்கமே! வசனக்காரி நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டாள். காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டது இந்த இரண்டு பதிலுக்குத்தான். முக்கால் மணி நேரத்தில் காட்சி முடிந்தது. அதோடு நிறுத்தவில்லை. கூட வந்த அம்மா அடுத்து எங்கே போவாள், யாரைப் பார்ப்பாள் என்று தனக்கே தெரியாதே என்று, பெண் போலீஸ் அதிகாரி ஒருவரைப் போனில் பிடித்து அரைமணி நேரம் துளைத்தெடுத்து, திங்கட்கிழமைக் காட்சிக்கும் குறிப்பு எடுத்து வைத்துக்கொண்டாள்.

டெம்போ இரண்டு பக்கத்தையும் படித்தார். திருப்பிப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா டெம்போ?"

"எனக்குத் தெரியும், நீங்க இதைச் சொல்லுவீங்கன்னு."

"முதல்ல இதை எடுக்கறேன். அடுத்து மாடியையும் எடுக்கறேன். எது வேணும்னு சேனல் சொல்லட்டும். என்னை இதுக்கு மேல கேக்காதீங்க."

மாடியையும் எடுத்துவிட்டால் சேனல் எதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லவா வேண்டும்? வசனக்காரியின் முகம் சுண்டிப்போயிற்று.

இந்த இடத்தில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிட்டுவின் அம்மாவாக நடிக்கிறவரைத்தான் செட்டில் எல்லோரும் பெரியம்மா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அம்மாதான், வேறு வேடமே கிடையாது. இதுவரை பதினேழு மகள்களையும் நான்கு மருமகள்களையும் அறைந்திருக்கிறார். கணக்கு அவருடையதுதான். அறைவதில் அவருக்கு ஈடு கிடையாது. கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளிக் கை வீசும், அந்த வேகத்துக்கே எதிராளி முகத்தைத் திருப்ப வேண்டும், சத்தத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். "ஒரு பிள்ளை மேலயும் என் நகம்கூடப் பட்டதில்ல" என்று பெருமையாகச் சொல்வார்.

இன்னொரு விஷயம். அங்கே நடிகர்கள் யாரும் வசனத்தை முன்கூட்டிப் படிப்பதில்லை, படிக்க நேரமும் இல்லை. காமிராவுக்குப் பக்கத்தில் ஓர் உதவி டைரக்டர் நின்று வரி வரியாக வாசிப்பார், நடிகர்கள் வாங்கிச் சொல்வார்கள், குரலைப் பிறகு ஸ்டூடியோவில் சேர்ப்பார்கள். ஆகவே டெம்போ பெரியம்மாவிடம், "இதுல அறை கிடையாது பெரியம்மா" என்று சொன்னபோது அவரும் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டினார். போனில் பேசிக்கொண்டேதான் ஆட்டினார்.

மணி ஒன்றரை. வீட்டுக்கூடம் மாதிரி போட்ட செட். சிட்டு வந்தாள், போனை மேஜை மேல் வைத்தாள், உதவி டைரக்டர் வாசித்த வசனத்தை வாங்கிச் சொன்னாள்.

"அம்மா, இதுல என் படம் ஒண்ணு சுத்துது. நான்தான் அனுப்பினேன். என்னை மன்னிச்சுடும்மா."

"அம்மா எழுந்திருக்கறாங்க" என்று வாசித்தார் உதவி டைரக்டர்.

பெரியம்மா எழுந்தார். எழுந்த வேகத்தில் வலது கை தானாக மேலே போய்விட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், பாவம், கைக்கு என்ன தெரியும்? சிட்டுவும் லேசுப்பட்டவளா? கை எழும்பியதுமே கண்ணை இறுக்கி மூடி, கன்னத்தைச் சரியான கோணத்தில் திருப்பிக்கொடுத்துவிட்டாள்.

உதவி டைரக்டர் அரண்டுபோய் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தாளில் அறை இல்லையே! 'கட்' சொல்வதா வேண்டாமா என்று டெம்போ வாயைப் பிளந்துகொண்டிருந்தார். காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

பெரியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அடிக்குக் காத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கன்னத்தை அவர் பார்த்தார். எத்தனை கன்னங்களை அறைந்திருப்பார்! ஒன்றையாவது இப்படி நின்று பார்த்திருப்பாரா? அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கை மெல்ல மெல்ல இறங்கி, சிட்டுவின் உச்சந்தலையில் போய் அமர்ந்தது. தலையைத் தடவியது. இன்னொரு கை மேஜையிலிருந்த போனை, பார்க்காமலே, கவிழ்த்து வைத்தது.

உதவி டைரக்டர் இன்னும் மலைத்தே நின்றார். இதற்கு மேல் வசனக்காரியால் பொறுக்க முடியவில்லை. அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கித் தானே வாசித்தாள்.

"நிமிர்ந்து என்னைப் பாரு" என்றாள் வசனக்காரி.

"நிமிர்ந்து என்னைப் பாரு" என்றார் பெரியம்மா. "நம்பினது ஒரு தப்பா? அதைக் காட்டிக் குடுத்தவன் வீட்ல நிம்மதியா சாப்பிட்டுக்கிட்டிருப்பான். நீ எதுக்குடி தலை குனியிற? செருப்பைப் போடு. ஸ்கூலுக்குப் போறோம்."

சிட்டு கண்ணைத் திறந்தாள். அவளுக்கு அழுகை வந்தது நடிப்பில்லை. இருவரும் கைகோர்த்துக்கொண்டு வாசல் கதவைத் தாண்டிப் போனார்கள்.

முதலில் பேசியது பெரியம்மாதான். "மன்னிச்சுக்கோப்பா, கை பழகிப்போச்சு. இன்னொரு தடவை எடுத்துடலாம்."

"எதுக்கு எடுக்கணும்?" என்று கத்தினார் டெம்போ. "பெரியம்மா, உங்க காலைக் காட்டுங்க, விழுந்து கும்பிடறேன்! அக்கா, கிடைச்சாச்சு! ஓங்கின கையோட நிறுத்தறோம். வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. அறை விழுமா விழாதான்னு ரெண்டு நாள் ஊரே தவிக்கும். மாடியே வேண்டாம்!"

மாடி வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் வசனக்காரிக்கு உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. இதோடு விட்டிருந்தாலே அவள் கேட்டது கிடைத்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அவள் விடுகிறவளா?

"கை இறங்கறதை நாளைக்கே காட்டணும்."

"அக்கா!"

"எத்தனையோ வீட்ல ஒரு பொண்ணு இதை மனசுல வெச்சுக்கிட்டு அம்மா பக்கத்துல உக்காந்து பார்க்கப் போறா. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவ ஓங்கின கையையே நினைச்சுக்கிட்டு இருக்கணுமா? அந்த ரெண்டு நாள்ல அவ என்ன பண்ணிக்குவாளோ, உங்களுக்குத் தெரியுமா? கை தலைக்கு வரணும். அவங்க வாசலைத் தாண்டணும். அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் நிறுத்திக்கோங்க."

"வாசலைத் தாண்டினதுக்கப்புறம் என்ன டெம்போ இருக்கு?"

பெரியம்மா அதுவரை சும்மா உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து வந்தார்.

"தம்பி, இருபத்திரண்டு வருஷமா நான் கை ஓங்கறதைத்தான் காட்டினீங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா இறக்கியிருக்கேன். அதை வெட்டினீங்கன்னா திங்கட்கிழமை வேற அம்மாவைப் பார்த்துக்கோங்க."

டெம்போ இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றி மேஜையில் போட்டார்.

"சரி, வாசல்லயே நிறுத்தறோம். டேய், எல்லாம் கட்டுங்கப்பா. மாடிச் சீன் எடுக்கல. ஷூட்டிங் முடிஞ்சுது!"

சேனல் மேடம் அன்று மாலை போனில் கத்தியது பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும். மாடி எங்கே, அழுகை எங்கே, அறைகூட இல்லையா என்று ஒரு மூச்சு. ஆனால் கையில் இருப்பது இது ஒன்றுதான். மறுநாள் ஏழு மணிக்குத் திரையை இருட்டாக விடவா முடியும்? "மார்க் விழுந்துச்சுன்னா நீங்க மூணு பேரும்தான் பொறுப்பு" என்று போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை வசனக்காரி வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். கை ஓங்கியது. கை இறங்கியது. கதவு திறந்தது, இருவரும் வெளியே போனார்கள், திரை அப்படியே நின்றது. அவ்வளவுதான். அந்த நிமிடம் அவளுக்கு ஒன்றுமே நடக்காதது போல வெறுமையாக இருந்தது. மார்க் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆகும்.

ஏழு முப்பத்தைந்துக்குப் போன் வந்தது. சேனல் மேடம்.

"ஆபீஸ்ல எட்டு லைனும் அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்க ஆள் போதல, நானே உக்காந்து எடுக்கறேன்." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "எல்லாம் அம்மாக்கள். அழறாங்க. பாதிப் பேருக்கு என்ன பேசறதுன்னே தெரியல, சும்மா அழுதுட்டு வெக்கறாங்க. நான் உங்ககிட்ட மன்னிப்பெல்லாம் அப்புறமா கேக்கறேன். இப்ப ஒருத்தர் லைன்ல இருக்கார், எனக்கு பதில் தெரியல. லைனை உங்களுக்குக் குடுக்கறேன், நீங்க பேசுங்க."

ஒரு ஆணின் குரல் வந்தது. தடித்த, பழக்கமில்லாத இடத்தில் பேசுகிற குரல்.

"வணக்கம்மா. நான் பஸ் ஓட்டறவன். என் பொண்ணோட உக்காந்து உங்க கதையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். முடிஞ்சதும் அவ எழுந்து போய் அவ போனைக் கொண்டுவந்து என் மடியில வெச்சா. கவுத்து வெச்சா. இவளுக்கும் அதே மாதிரிதான்மா. நடந்து ஒரு மாசம் ஆயிருக்கு. நான் எடுத்துப் பார்க்கல. அப்படியேதான் இருக்கு."

அவர் அவசர அவசரமாகத் தொடர்ந்தார்.

"ஸ்கூலுக்குப் போறோம்னு வாசலைத் தாண்டறாங்க இல்ல, அப்புறம் யாரைப் பார்க்கறாங்க, என்ன பண்றாங்கன்னு கேட்டா, அது திங்கட்கிழமைதான் வரும்னு அந்த மேடம் சொல்றாங்க. எங்களால திங்கட்கிழமை வரைக்கும் உக்காந்திருக்க முடியாதும்மா. நீங்கதானே எழுதினது? அடுத்தது என்னன்னு இப்பவே சொல்லுங்க."

வசனக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக் குறிப்பை எடுத்துப் பிரித்தாள். போனில் எதையும் அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி. எவன் அனுப்பினான், என்றைக்கு அனுப்பினான் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது, பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். பள்ளிக்குத் திங்கட்கிழமை போகலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், உன் மேல் தப்பில்லை என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தினமும் சொல்லுங்கள், ராத்திரி தனியாக விடாதீர்கள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார். நடுவில் பேனா எழுதவில்லை போலும், யாரோ வேறு பேனாவை எடுத்துக் கொடுத்தார்கள்.

பிறகு போன் கைமாறியது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், மூக்கடைத்துக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, போனை வெச்சிடட்டுமா? அப்பா சட்டையைக்கூட மாத்தாம, ஸ்டேஷனுக்குன்னு தெருவுக்கே போயிட்டாரு. கூப்பிடக் கூப்பிட நிக்க மாட்டேங்கறாரு." அவளுக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் வரணும் இல்ல? என்னை விட்டுட்டே போயிடுவாரு போலிருக்கு!"

"வைம்மா, வை!" என்று கத்தினாள் வசனக்காரி. "ஓடு, பிடி அவரை!"